காருகுறிச்சியாரின் நாதசுரம்



திருநெல்வேலியிலிருந்து தென்காசி செல்லும் புகைவண்டி, சேரன்மாதேவியைக் கடந்ததும் காருகுறிச்சியை அடைகின்றது. பொருநையாற்றின் வளத்தில் வாழும் ஊர். மட்பாண்டத்துக்குப் பெயர் பெற்றது. அங்கே 1921-ஆம் ஆண்டில் பிறந்த அருணாசலம், தம் ஊரின் பெயரையே தம் பெயராக்கி, அதனை நாடறியச் செய்தார்.

அவர் யார் என்று நான் வகுப்பில் வினவிய பொழுதெல்லாம் மாணவர் ஒரே விடை கூறுவர்: 1962-இல் வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு நாதசுரம் இசைத்தவர். விடை சரியே, ஆயின் பாதி விடை. அப்பாட்டில் குரல் எது, குழல் எது என மயங்குகிறோமே, அம்மயக்கம் எங்ஙனம் விளைந்தது?

நாதசுரம் எளிதில் வசப்படும் கருவியன்று. ஆச்சா மரத்தில் கடைந்த குழல். விரல் ஆளும் துளைகள் ஏழே. வாயில் ஒரு சிறு சீவாளி. பன்னிரு சுரத்தானங்களையும், அவற்றிடையே ஊசலாடும் கமகங்களையும் இவற்றிலேயே பெறவேண்டும். துளையை விரல் பாதி மூடுவதாலும், உதட்டின் அழுத்தத்தையும் மூச்சின் விசையையும் கூட்டிக் குறைப்பதாலுமே அது கைகூடும். மூச்சுத் தளர்ந்தால் சுருதி தாழும். மிகுந்தால் ஒலி கீறும்.

இவ்வித்தையை அவர் திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையவர்களிடம் (1898–1956) பயின்றார். குருவின் அருகிலேயே அமர்ந்து, அவருடன் வாசித்துக் கற்றார். காவிரிக்கரையின் கலை இங்ஙனம் பொருநைக்கரையில் வேரூன்றியது. எனினும் அவர் குருவின் நிழலாக நின்றுவிடவில்லை. குருவின் வாசிப்பு பெருவெள்ளம் எனின், இவரது வாசிப்பு வயலுக்குப் பாயும் வாய்க்கால் நீர். விரைவிலும் கரகரப்பு இல்லை; உச்சத்திலும் இரைச்சல் இல்லை. இராகத்தை அவசரமின்றி விரிப்பார். கருவியைப் பாட வைத்தார் என்பதே பொருந்தும்.

1964-இல், நாற்பதைச் சற்றே கடந்த வயதில், அவர் மறைந்தார். நல்வினையாக அவர்தம் ஒலிப்பதிவுகள் எஞ்சியுள்ளன. திருமணப் பந்தலில் நாதசுரம் முழங்குகையில் நாம் உரக்கப் பேசிக்கொண்டிருக்கிறோம். அங்கே ஒருவர் தம் மூச்சையே இசையாக்குகின்றார் என்பதை மறக்கின்றோம். கேட்பாரின்றேல் கற்பாரும் இரார்.

ஆதலின், இளைஞர்களே, இவ்வாரம் காருகுறிச்சியாரின் இராக ஆலாபனை ஒன்றை முழுதும் வாய் திறவாது கேளுங்கள். நான் உங்களுக்கு இடும் வீட்டுப்பாடம் அஃதொன்றே.