இலை இருக்கும்போது வந்த பனி

அமெரிக்காவின் பஃபலோ நகரத்துக்குப் பனி புதிதல்ல. 2001 டிசம்பர் கடைசியில் ஐந்தே நாளில் ஏறக்குறைய ஏழடி கொட்டியது. ஊர் முடங்கியது, மரங்கள் நின்றன. 2006 அக்டோபர் 12, 13 தேதிகளில் பெய்ததோ இரண்டடிகூட இல்லை. அதற்கே லட்சக்கணக்கான வீடுகள் இருண்டன. பல வீடுகளுக்கு மின்சாரம் திரும்ப ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. குற்றவாளி பனியின் அளவல்ல, மரத்தில் மிச்சமிருந்த இலை என்பேன். டிசம்பரில் மொட்டைக் கிளை. பனி தங்க இடம் குறைவு. அக்டோபரிலோ ஒவ்வோர் இலையும் ஒரு சின்னத் தட்டு. ஏந்த ஏந்தக் கனம் கூடி, கிளை முறிந்து மின்கம்பியில் விழுகிறது.

ஈரப் பனி என்பதால்தானே அத்தனை கனம் என்று கேட்கலாம். நியாயம்தான். ஊரை ஒட்டிய ஈரி ஏரி அப்போது வெதுவெதுப்பாகவே இருந்தது, ஈரத்தை வாரிக் கொடுத்தது. ஆனாலும் அந்தக் கனத்தைத் தாங்கிப் பிடித்தது இலைதானே? 2011 அக்டோபர் கடைசியில் கனெக்டிகட் மாநிலத்திலும் இதே கதை நடந்தது. அப்படியானால் கம்பியோர மரங்களை வெட்டிவிடலாமா? கோடை வெயிலை யார் தடுப்பது! பஃபலோக்காரர்கள் முறிந்ததை அள்ளிவிட்டு, மறுபடி ஆயிரக்கணக்கில் மரக்கன்று நட்டார்கள்.