எழுதும் கை ஓயலாமா?

(யூபிலி விழாவையொட்டி நடைபெற்ற பெற்றோர் - இளைஞர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



இவ்விழா மலருக்கென அன்பியம்தோறும் கட்டுரை கேட்டிருந்தோம். பலர் மனமுவந்து அனுப்பினீர்கள், நன்றி. ஆனால் வந்தவற்றுள் பெரும்பாலானவை கைப்பேசியில் பேசி அனுப்பிய குரல் பதிவுகள். தாளில் எழுதி வந்தவை மிகச் சில. செய்தி நன்றாயிருந்தது, சொன்னவர்களும் விவரம் தெரிந்தவர்களே. பிறகு ஏன் எழுத முன்வரவில்லை? இதைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

நம் நாட்டில் அஞ்சலட்டை 1879-இல் வந்தது. காலணா செலவில் ஏழையும் எழுதினான். பிழைப்புக்காக வெளியூர் சென்ற மகன் எழுதுவான். பெற்ற தாய் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கொண்டு படிக்கச் செய்து, பதிலும் எழுதச் செய்வாள். இன்று அவள் மகன் முகத்தைத் திரையிலேயே பார்த்துப் பேசுகிறாள். அது நல்லதே. தந்தி 2013-இல் நின்றுபோனதற்கு நாம் கண்ணீர் வடிக்கவில்லை.

கருவி மாறுவது தமிழுக்குப் புதிதன்று. ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்று புள்ளியை விட்டு எழுதினார்கள். 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' ஓலையிலிருந்த எழுத்தை அச்சுக்குக் கொண்டுவந்தது. எகர ஏகாரக் குழப்பம் நீங்க எழுத்தைத் திருத்தியவர் வீரமாமுனிவர். 1978-இல் தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. ஆகவே கைப்பேசியைப் பழிப்பது என் நோக்கமன்று.

நம் பெரியோர் சின்னப்பர் என்றழைத்த புனித பவுல், உரோமையருக்கு வரைந்த திருமுகத்தைத் தாமே எழுதவில்லை. அவர் சொல்லச் சொல்லத் தெர்த்தியு என்பவர் எழுதினார். எழுதிய கை வேறு, சிந்தனையோ பவுலுடையது. இன்று நிலைமை தலைகீழாகிறது. 'விடுப்புக் கடிதம் எழுது' என்றால் செயற்கை நுண்ணறிவு நொடியில் எழுதித் தருகிறது. அனுப்பும் கை நம்முடையது, சிந்தனை நம்முடையதன்று. வேறுபாட்டை எண்ணிப் பாருங்கள்.

பிள்ளைகளின் நிலை என்ன? 2022-ஆம் ஆண்டுப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஏறக்குறைய 47,000 மாணவர்கள் தமிழ்ப் பாடத்திலேயே தேர்ச்சி பெறவில்லை. கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்ததும் இதற்குக் காரணம். அந்த இடைவெளியை நிரப்பவே அதே ஆண்டு அரசு 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியது. வணக்கம் என்பதை ஆங்கில எழுத்தில் தட்டத் தெரிந்த பிள்ளை, அதையே தமிழில் எழுதத் தடுமாறுகிறது. நார்வே நாட்டு ஆய்வாளர்கள் 36 மாணவர்களின் மூளை இயக்கத்தைப் பதிவு செய்து 2024-இல் வெளியிட்ட ஆய்வு, விசையைத் தட்டும்போது இருப்பதைவிடக் கையால் எழுதும்போது மூளையின் பகுதிகளுக்கிடையே தொடர்பு மிகுதியாக இருப்பதைக் காட்டியது. எழுதிப் பார்த்துப் படி என்று நம் ஆசிரியர்கள் சொன்னது வீண் அல்ல.

'சாமி, எழுத்து இல்லாவிட்டால் என்ன குடிமுழுகிப் போகும்?' என்று நீங்கள் கேட்கலாம். நம் மண்ணிலிருந்தே பதில் சொல்கிறேன். தோல் தொழில் நமக்குச் சோறு போடுகிறது. அதே தொழிலின் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. ஊரெல்லாம் புலம்பியது. புலம்பல் காற்றோடு போயிற்று. 1991-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் அதை மனுவாக எழுதி உச்சநீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. தோல் பதனிடும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பாழானது என்ற ஆய்வுக் கணக்கும் வழக்கில் இடம்பெற்றது. 1996 ஆகஸ்டு 28-இல் தீர்ப்பு வந்தது. மாசுபடுத்துவோரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியை நாட்டின் சட்டமாக அது நிலைநாட்டியது. பாதிப்பு இன்னும் தீராததால் 2025 ஜனவரியிலும் உச்சநீதிமன்றம் பாலாறு பற்றித் தீர்ப்புரைத்தது. பேச்சு திண்ணையோடு நின்றது; எழுத்து தில்லிவரை சென்றது.

இன்று இராணிப்பேட்டை ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் குறைதீர் நாள் நடக்கிறது. நம் மக்கள் போகிறார்கள். பட்டப்படிப்பு முடித்த மகள் பக்கத்தில் நிற்க, தாய் பணம் கொடுத்து வேறொருவரிடம் மனு எழுதி வாங்குகிறாள். எழுதியவருக்கு அவள் துயரம் தெரியாது. பழகிய நாலு வாக்கியம் எழுதுவார். வருங்கால வைப்பு நிதி எத்தனை மாதமாய்ப் பிடித்தார்கள், எந்தத் தேதியில் வேலையை விட்டு நிறுத்தினார்கள் என்ற விவரம் விட்டுப்போகும். விவரமில்லாத மனு கட்டோடு கட்டாய்க் கிடக்கும். கூலி வேலை செய்பவன் படித்துப் பாராமல் கையொப்பமிட்ட தாள், பின்னர் அவனுக்கு எதிராகவே நிற்கும். எழுத்து ஏழைக்கு அலங்காரமன்று, அவனுக்கிருக்கும் பாதுகாப்பு.

ஆகவே மூன்று காரியங்களை இந்த யூபிலி ஆண்டில் தொடங்குவோம். முதலாவது, அன்பியக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை ஒருவரே எழுதாமல், மாதம் ஒரு வீடாக முறை வைத்து எழுதட்டும். இரண்டாவது, ஞாயிறு பூசைக்குப் பின் ஒரு மணி நேரம் நம் பட்டதாரி இளைஞர்கள் பங்கு அலுவலகத்தில் அமர்ந்து, மனு எழுதக் கற்றுக்கொடுக்கட்டும். எழுதிக் கொடுக்க வேண்டாம், கற்றுக்கொடுக்கட்டும். எந்தச் சமயத்தார் வந்தாலும் வரவேற்போம். ஒரே ஆற்று நீரைக் குடித்தவர்கள் நாம். மூன்றாவது, பெற்றோர்களே, தாத்தா பாட்டி சொல்லும் குடும்ப வரலாற்றை உங்கள் பிள்ளை நாளுக்கு ஒரு பக்கம் தன் கையால் எழுதட்டும். பிழை வந்தால் வரட்டும், சிரிக்காதீர்கள். சிரித்தால் அந்தக் கை மறுபடி பேனாவைத் தொடாது.

நம் ஞானஸ்நானப் பதிவேட்டையும் திருமணப் பதிவேட்டையும் திறந்து பாருங்கள். எழுதிய குருக்கள் பலர் இன்றில்லை. அவர்கள் எழுதிய வரிகளைக் கொண்டு இன்றும் உங்களுக்குச் சான்றிதழ் தருகிறோம். அடுத்த யூபிலியைக் கொண்டாடப்போகும் பிள்ளைகளுக்கு நாமும் நம் கையால் எதையாவது எழுதி வைத்துப் போவோம்.

இறைவன் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக!