கனவு கண்ட தந்தை, பரிசு பெற்ற மகன்

கல்கி என்றால் எனக்கு உயிர். அவர் எழுதியவற்றில் எனக்கு மனக்குறை தந்த ஒரு நாவலைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். 'பார்த்திபன் கனவு.'

1941-ல் தொடராக வரத் தொடங்கிய கதை இது. 'சிவகாமியின் சபதம்', 'பொன்னியின் செல்வன்' இரண்டும் இதற்குப் பின்னால் வந்தவை. நம்மில் பலர் 'பொன்னியின் செல்வ'னை முடித்த கையோடு இதை எடுக்கிறோம். நான் கிளை நூலகத்தில் வேலை பார்ப்பவன். அப்படித்தான் ஒரு கல்லூரிப் பெண் ஆசையாக வாங்கிப் போனாள். திருப்பிக் கொடுக்கும்போது, "சார், அந்தச் சிவனடியார் யாருன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு" என்றாள். கதையில் மாறுவேடத்தில் வரும் துறவி அவர். படித்தவர்களுக்கு அவர் யாரென்று தெரிந்திருக்கும். போர்க்களத்தில் உயிர் பிரியும் நேரத்தில் சோழ மன்னன் பார்த்திபனுக்கு அவர் தம் உண்மை முகத்தைக் காட்டுகிறார். நமக்கு மட்டும் கல்கி சொல்லாமல் வைத்துக்கொள்கிறார்.

ஆனால் என் குறை அதுவல்ல. அதைச் சொல்வதற்கு முன்னால் உறையூர் அரண்மனைக்குள் ஒருமுறை போய்விட்டு வருவோம். அங்கே யாரையும் விடாமல் பூட்டி வைத்திருக்கும் ஒரு சித்திர மண்டபம். போருக்குப் புறப்படும் முன் பார்த்திபன் தன் மகனை அங்கே அழைத்துப் போகிறான். சுவரெங்கும் அவன் தன் கையாலேயே தீட்டிய ஓவியங்கள். யானைப் படை, கடல் தாண்டும் கப்பல்கள், எங்கு பார்த்தாலும் புலிக்கொடி. இவ்வளவும் நம்முடையதா என்று கேட்கிறான் சிறுவன் விக்கிரமன். பல்லவருக்குக் கப்பம் கட்டும் ஒரு சிற்றரசன் அதற்கு என்ன பதில் சொல்வான்? இதெல்லாம் என் கனவு என்றுதான் சொல்ல முடிகிறது. எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

அந்தக் கனவுக்காகக் கப்பம் கட்ட மறுத்து, தோற்போம் என்று தெரிந்தே போருக்குப் போய் உயிரை விட்டான் தந்தை. மகனோ கொடியை ஏற்றப் போய்ப் பிடிபடுகிறான். நாடு கடத்தப்படுகிறான், திரும்பி வந்து காய்ச்சலில் விழுகிறான். ஒவ்வொரு முறையும் அவனை யாரோ ஒருவர் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. கடைசியில் சோழநாட்டின் சுதந்திரத்தைப் பல்லவச் சக்கரவர்த்தி நரசிம்மவர்மரே கொடுக்கிறார், மகள் குந்தவியையும் கொடுக்கிறார். போராடிப் பெற வேண்டியது சீர்வரிசையோடு வந்து சேர்கிறது. பார்த்திபன் சிந்திய ரத்தத்துக்கு இது ஈடாகுமா, சொல்லுங்கள்!

கல்கியின் சங்கடமும் எனக்குப் புரிகிறது. பல்லவரும் அவருக்கு வேண்டும், சோழரும் வேண்டும். ஏழாம் நூற்றாண்டில் சோழர் தலையெடுக்கவில்லை என்ற சரித்திரமும் குறுக்கே நிற்கிறது. அந்தக் கனவு ராஜராஜன் காலத்தில்தான் பலித்தது என்று அவரே கதை முடிவில் சொல்லிவிடுகிறார். இருந்தாலும் ஒரு சண்டையையாவது விக்கிரமன் தானே ஜெயித்திருக்கலாம்.

கதையின் மற்றப் பாத்திரங்களான மாரப்ப பூபதியைப் பற்றியும் கபால பைரவரைப் பற்றியும் பேச நேரமில்லை. இன்றிரவு அந்தச் சித்திர மண்டப அத்தியாயத்தை மட்டுமாவது வீட்டில் எல்லோரும் கேட்க உரக்கப் படியுங்கள். விக்கிரமனுக்கு வேறொரு முடிவு தோன்றினால் வானொலி நிலையத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள். வரும் என்று நம்புகிறேன்.