பாரந்தூக்கும் வண்டியைத் தெரிந்தெடுத்தல்

இரண்டு தொன் நிறையுள்ள பொதிகளைத் தூக்க வேண்டுமாயின் இரண்டு தொன் வண்டியொன்றை வாங்கினாற் போதும் என்று எண்ணுவோர் பலர். போர்க்லிப்ட் எனப்படும், முன்புறத்தே இரு இரும்புக் கவைகளைக் கொண்ட வண்டியைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் ஓர் உயிரையே பலிகொள்ளக்கூடும்.

சாதாரண போர்க்லிப்ட் ஒரு தராசுக்கோலை ஒத்தது. முன்னே பொதி, பின்னே அதனை ஈடுசெய்யும் கனத்த எதிர்நிறை, இடையில் தாங்கி நிற்பவை முன்சில்லுகள். வண்டியிற் பொருத்திய தகட்டில் 2000 கிலோகிராம் என்று இருந்தால், அதனருகே 500 மில்லிமீற்றர் என்பது போன்ற இன்னோர் எண்ணும் இருக்கும். இதனைப் படிப்போர் சிலரே. கவைகளின் நிமிர்ந்த முகத்திலிருந்து பொதியின் புவியீர்ப்பு மையம் அத்தூரத்துக்குள் இருக்கும்வரையே 2000 கிலோகிராம் என்பது அதன் பொருள். அம்முகத்துக்கும் முன்னச்சுக்கும் இடையே 450 மில்லிமீற்றர் இருப்பதாகக் கொள்வோம். 1.6 மீற்றர் நீளமான பெட்டியொன்றை ஏற்றினால் மையம் 800 மில்லிமீற்றருக்கு நகர்ந்துவிடும். அப்பொழுது அதே வண்டியால் ஏறக்குறைய 1500 கிலோகிராமையே சமாளிக்க முடியும். பொதியை மிக உயரத் தூக்கினால் இதுவும் குறையும். ஆகவே வியாபாரியின் விலைப்பட்டியலைப் பார்க்குமுன் பொதியை அளந்து பார்த்தல் வேண்டும்.

அடுத்துக் கவனிக்க வேண்டியது காற்று. காற்றடைத்த றப்பர்ச் சில்லுகளையுடைய டீசல் வண்டி திறந்த முற்றத்துக்கும் கரடான தரைக்கும் ஏற்றது. மூடிய பண்டகசாலைக்கு ஆகாது. எரிவாயு வண்டியின் புகை கண்ணுக்குத் தெரியாமையால் அதனைத் தூயது என மயங்குவோரும் உளர். நிறமும் மணமுமற்ற காபனோரொட்சைட்டு அதிலிருந்தும் வெளிவரும். தலையிடி தொடங்கும்போது தொழிலாளி அதனை வெறுங் களைப்பென்று எண்ணி வேலையைத் தொடர்வான். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. கொழும்பிலுள்ள தேயிலைப் பண்டகசாலைகளுக்கு வேறொரு காரணமும் உண்டு. தேயிலை அயலிலுள்ள மணத்தை எளிதில் உறிஞ்சிக்கொள்ளும். இத்தகைய இடங்களுக்கு மின்னால் இயங்கும் வண்டியே தக்கது. ஆயினும் ஈய அமில மின்கலவடுக்கிற்கு மின்னேற்றும்போது எளிதில் தீப்பற்றும் ஐதரசன் வாயு வெளிவருவதால், அதற்குக் காற்றோட்டமான தனியிடம் ஒதுக்க வேண்டும்.

நடைவழி ஒடுங்கியதாயின், கவைகளை முன்னே நீட்டிப் பொதியை எடுக்கும் றீச் ட்ரக் உதவும். அதன் சில்லுகள் சிறியவை, கடினமானவை. எனவே தரை மட்டமாகவும் வழுவழுப்பாகவும் இருத்தல் அவசியம். பொதியைத் தரையோடு நகர்த்துவது மட்டுமே வேலையென்றால், கையால் இழுக்கும் பலகைத்தட்டு வண்டியே போதும். அயற் பண்டகசாலையில் பெரிய வண்டி நிற்கிறது என்பதற்காக இங்கும் ஒன்று வாங்குவது வீண் செலவு.

வாங்குமுன் ஓட்டுநரை அழைத்து ஆசனத்தில் இருத்திப் பார்ப்பதும் நன்று. அமர்ந்து ஓட்டும் வண்டி கவிழும்போது வெளியே பாய்ந்தவர்கள், தலைக்கு மேலுள்ள காப்புச் சட்டத்தின் கீழ் அகப்பட்டு இறந்திருக்கிறார்கள். ஆசனப்பட்டியை அணிந்து, சுக்கானை இறுகப் பற்றி, கவிழும் பக்கத்துக்கு எதிர்ப்புறமாகச் சாய்ந்திருப்பவன் தப்புவதற்கே இடமுண்டு. பட்டியில்லாத பழைய வண்டியொன்று பாதி விலைக்குக் கிடைத்தாலும் அதனை வாங்கலாகாது.