தரிசு தளிர்த்த கதை



குருகிராமத்தில் நாத்துப்பூர்க் கிராமத்தை ஒட்டி ஏறத்தாழ 390 ஏக்கர் நிலம் உண்டு. முன்னாளில் அங்கே ஆரவல்லிப் பாறையை உடைத்துக் கல் எடுத்தனர். அத்தொழில் நின்றபின் எஞ்சியவை பள்ளங்களும், நம் இராமநாதபுரத்தார் நன்கறிந்த சீமைக் கருவேலமுமே.

2010-ஆம் ஆண்டில் நகரத்துக் குடிமக்கள் சிலர் மாநகராட்சியோடு கைகோத்து அதனை மீட்கத் தொடங்கினர். அழகுச் செடிகளை அவர்கள் நாடவில்லை. ஆரவல்லிக்கே உரிய தௌ, பலாசம் முதலிய மரங்களின் விதைகளைத் தேடிக் கொணர்ந்து, நாற்றங்காலில் வளர்த்து நட்டனர். பள்ளிச் சிறுவரும் வந்து மண் சுமந்தனர். மரம் வளர வளரப் பறவைகளும் நரிகளும் வந்து சேர்ந்தன; மக்கள் காலை மாலை உலவும் சோலையும் ஆயிற்று. சரணாலயம் என அறிவிக்கப்படாமலே உயிரினங்களைக் காக்கும் இடம் என்னும் தகுதி, 2022-இல் இந்தியாவிலேயே முதன்முதலாக இதற்குக் கிட்டியது.

அன்பர்களே, நம் குடியிருப்பின் பின்புறமும் ஒரு தரிசு குப்பைமேடாகிக் கிடக்கிறது. “பிழைக்க வந்த நமக்கு இவ்வூர் மண் எதற்கு?” என்று இருந்துவிடலாமா? அண்டைக் கிராமத்துப் பெரியவர்களை அணுகுவோம். அங்கே முன்பு நின்ற மரங்கள் எவை, மழைநீர் தேங்கிய இடம் எது என்று கேட்டறிவோம். இல்லத்திற்கு ஒருவர், திங்களுக்கு ஒரு ஞாயிறு போதும். நாம் நீர் வார்த்த மண் நம் குழந்தைகளுக்கு அயல்மண் ஆகாது.