யாரை அனுப்புவது?



நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியைக் கூறி இன்றைய பேச்சைத் தொடங்குகிறேன். மாவட்ட விளையாட்டு விழாவுக்கு எங்கள் பள்ளியிலிருந்து நெடுந்தொலை ஓட்டத்துக்கு ஒரே ஒரு மாணவனை அனுப்பலாம் என்று ஓலை வந்தது. "வரும் வெள்ளிக்கிழமை மாலை ஓட்டம் நடைபெறும், முதலில் வருபவன் செல்வான்" என்று காலைக் கூட்டத்தில் நானே அறிவித்தேன். ஆண்டு முழுவதும் எல்லாரையும் முந்தி ஓடிய மாணவன் ஒருவன் இருந்தான். அந்த வெள்ளிக்கிழமை அவனுக்குக் காய்ச்சல். ஓடினான், ஆனால் இரண்டாவதாகத்தான் வர முடிந்தது. முதலில் வந்தவன் வேறொருவன். நானோ பள்ளியின் பெயரை எண்ணி, ஆண்டு முழுவதும் வென்றவனையே அனுப்பினேன். முதலில் வந்த பையன் அழவில்லை, சினக்கவும் இல்லை. ஆசிரியர் அறை வாயிலில் வந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "அப்படியானால் எங்களை எதற்காக ஓடச் சொன்னீர்கள், சார்?"

அன்று என்னிடம் விடை இல்லை. அந்தக் கேள்வி ஒரு சிற்றூர்ப் பள்ளிக்கு மட்டும் உரியதன்று. ஒரு நாடு தன் அணியைத் தேர்ந்தெடுத்து உலகப் போட்டிக்கு அனுப்பும் இடங்களிலெல்லாம் அது எழுகின்றது. அதனைத் தெளிவாகக் காட்டும் வரலாறு ஒன்று, நம்மில் பலர் நேரில் கண்டிராத ஒரு விளையாட்டில் இருக்கிறது. அதுவே பனித்தளச் சறுக்காட்டம். ஆங்கிலத்தில் பிகர் ஸ்கேட்டிங் என்பார்கள்.

அறுபது மீட்டர் நீளமும் முப்பது மீட்டர் அகலமும் உடைய ஓர் அரங்கம். தரை முழுவதும் கண்ணாடி போன்ற உறைபனி. அடியில் மெல்லிய எஃகு அலகு பொருத்திய காலணியை அணிந்து, இசைக்கு ஏற்பச் சறுக்கியும் சுழன்றும் தாவியும் ஆட வேண்டும். விண்ணில் மூன்று சுற்றுச் சுழன்று, ஒற்றைக் காலில், கத்தி முனை போன்ற அந்த அலகின் மீது இறங்க வேண்டும். தனியாட்டத்தில் குறும் ஆட்டம், நெடும் ஆட்டம் என இரண்டு பகுதிகள் உண்டு. இரண்டும் சேர்ந்தால் ஏறத்தாழ ஏழு நிமிடம். சிறு வயது முதல் விடியற்காலையில் எழுந்து செய்த பயிற்சியெல்லாம் அந்த ஏழு நிமிடத்துக்காகவே. அதற்குள் கால் இடறினால் விழ வேண்டியதுதான். எத்துணைச் சிறந்த வீராங்கனையும் விழுவதுண்டு. ஆகவே ஒரு நாள் ஆட்டத்தைக் கண்டு ஒருவரை மதிப்பிடுவது இவ்விளையாட்டில் மிகவும் அரிது.

ஒரு நாடு ஒரு பிரிவில் மூவருக்கு மேல் அனுப்ப இயலாது. அந்த மூன்று இடமும் தாமாகக் கிடைப்பதில்லை. முந்திய ஆண்டு உலகப் போட்டியில் ஈட்ட வேண்டும். 2013ஆம் ஆண்டில் இருந்த கணக்கைக் கூறுகிறேன். ஒரு நாட்டிலிருந்து இருவர் ஆடினால், அவர்கள் பெற்ற நிலைகளைக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை பதின்மூன்றோ அதற்குக் குறைவோ ஆனால் அடுத்த முறை மூன்று இடம். மிகுந்தால் இடம் குறையும். அவ்வாண்டு கனடா நாட்டின் லண்டன் நகரில் நடந்த உலகப் போட்டியில் அமெரிக்கப் பெண்கள் இருவர் ஆடினர். ஆஷ்லி வாக்னர் ஐந்தாவதாக வந்தார். கிரேசி கோல்ட் ஆறாவதாக வந்தார். ஐந்தும் ஆறும் பதினொன்று. ஆகவே 2014ஆம் ஆண்டு ரஷ்யாவின் சோச்சி நகரில் நடக்கவிருந்த ஒலிம்பிக்குக்கு அமெரிக்காவுக்கு மூன்று இடம் கிடைத்தது. இந்தப் பதினொன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் மீண்டும் வரும்.

2014 ஜனவரியில் பாஸ்டன் நகரில் அமெரிக்க தேசியப் போட்டி நடந்தது. கிரேசி கோல்ட் முதலிடம் பெற்றார். பதினைந்தே வயதான பொலினா எட்மண்ட்ஸ் இரண்டாவதாக வந்தார். மிராய் நகாசு மூன்றாவதாக வந்தார். வாக்னர் நெடும் ஆட்டத்தில் இரு முறை விழுந்து, நகாசுவை விட ஏறத்தாழ 8 புள்ளி குறைந்து நான்காவதானார். இடமோ மூன்று. ஊர் மக்கள் கணக்கு எளிதாக முடிந்துவிட்டது. ஆனால் மறுநாள் தேர்வுக் குழு அறிவித்த மூன்று பெயர்கள் கோல்ட், எட்மண்ட்ஸ், வாக்னர். மூன்றாவதாக வந்தவர் வீட்டில் இருக்க, நான்காவதாக வந்தவர் ஒலிம்பிக் சென்றார்.

குழு செய்தது தகுமா? இரு பக்கத்து வழக்கையும் கேட்போம்.

வாக்னரின் பக்கம் நின்றோர் கூறியது இது: அவர் 2012, 2013 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் தேசிய வெற்றியாளர். கிராண்ட் பிரீ இறுதிப் போட்டியில் 2012இல் இரண்டாம் இடமும் 2013இல் மூன்றாம் இடமும் பெற்றவர். அந்த மூன்றாவது இடமே அவரும் கோல்டும் ஈட்டித் தந்தது. மேலும், தேசியப் போட்டியின் முடிவு ஒன்றைக் கொண்டே அணி அமைக்கப்படும் என்று அமெரிக்கச் சங்கம் எப்போதும் கூறியதில்லை. பல போட்டிகளின் பயனையும் பார்ப்போம் என்பதே அவர்கள் விதி. ஆகவே விதி மீறப்படவில்லை.

நகாசுவின் பக்கம் நின்றோரும் வெறுங்கையராக வரவில்லை. அவர் 2010ஆம் ஆண்டு வான்கூவர் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றவர். 2013 நவம்பரில் மாஸ்கோவில் நடந்த கிராண்ட் பிரீ போட்டியிலும் வெண்கலம் வென்றவர். பல போட்டிகளின் பயனைப் பார்ப்பது உண்மையானால், பெரியோர் பிரிவில் ஒரு பன்னாட்டுப் போட்டியிலும் அதுவரை ஆடியிராத எட்மண்ட்ஸ் எந்தக் கணக்கில் சேர்ந்தார்? அவருக்கு ஒரு நாள் ஆட்டம் போதுமென்றால், நகாசுவுக்கு மட்டும் ஏன் போதவில்லை? ஒருவரை அளக்க ஒரு கோல், மற்றவரை அளக்க வேறொரு கோலா? இந்தக் கேள்வியை எளிதில் தள்ளிவிட இயலாது.

அப்படியானால், "தேசியப் போட்டியின் முதல் மூவரே அணி" என்று ஒரே வரியில் விதி எழுதிவிட்டால் தொல்லை தீராதா என்று நீங்கள் கேட்கலாம். அவ்வாறு எழுதிவிட்டால் 1994ஆம் ஆண்டில் நிகழ்ந்ததற்கு என்ன செய்வது? அவ்வாண்டு ஜனவரி 6ஆம் நாள் டெட்ராய்ட் நகரில் தேசியப் போட்டிக்கான பயிற்சியை முடித்து வெளியே வந்த நான்சி கெரிகன் என்பவரை ஒருவன் தடியால் காலில் அடித்தான். அவரால் போட்டியில் ஆட இயலவில்லை. ஒலிம்பிக்குக்கு இரண்டு இடம். அந்தப் போட்டியில் இரண்டாவதாக வந்தவர் பதின்மூன்று வயதுச் சிறுமி மிஷெல் க்வான். குழு கெரிகனுக்கே இடம் அளித்தது. சிறுமியை மாற்று ஆட்டக்காரராக வைத்தது. கெரிகன் நார்வேயின் லில்லஹாமர் ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் வென்றார். ஒரு கொடியவனின் தடி ஒரு நாட்டின் அணியைத் தேர்ந்தெடுக்க விடலாமா? விடலாகாது. ஆகவே குழுவுக்கு ஓரளவு உரிமை வேண்டும்.

ஆனால் அந்த உரிமைக்கும் ஓர் ஆபத்து உண்டு. 2006ஆம் ஆண்டில் அதே மிஷெல் க்வான், ஐந்து முறை உலக வெற்றியாளராக விளங்கியவர், காயத்தால் தேசியப் போட்டியில் ஆடவில்லை. தமக்கு இடம் வேண்டும் என்று மனுச் செய்தார். ஐவர் கொண்ட குழு அவர் ஆட்டத்தை நேரில் பார்த்து இசைவு தந்தது. டூரின் நகருக்குச் சென்று முதல் பயிற்சியிலேயே மீண்டும் காயமுற்று அவர் விலகினார். தேசியப் போட்டியில் மூன்றாவதாக வந்திருந்த எமிலி ஹியூஸ் என்ற பெண் அவசரமாக வரவழைக்கப்பட்டு ஆடினார். ஏழாம் இடம் பெற்றார். பழைய புகழ் நம் கண்ணை மறைக்கக் கூடும் என்பதற்கு இது ஒரு பாடம்.

ஆகவே ஒரு நாள் ஆட்டம் மட்டும் அளவுகோல் ஆனால் விபத்து அணியைத் தேர்ந்தெடுக்கும். குழுவின் விருப்பம் மட்டும் அளவுகோல் ஆனால் புகழும் பழக்கமும் அணியைத் தேர்ந்தெடுக்கும். திருவள்ளுவர் ஆட்களை ஆராய்ந்து தேர்வதற்குத் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரமும், ஒருபுறம் சாயாமைக்கு 'நடுவு நிலைமை' என்று ஓர் அதிகாரமும் தனித்தனியே வகுத்தார். இரண்டும் வேண்டும் என்பதே அதன் பொருள் என்று கொள்கிறேன்.

நடுவு நிலைமை எதில் இருக்கிறது? எந்த அளவுகோல் என்பதில் அன்று. அந்த அளவுகோலை முன்னரே எல்லாரும் அறியச் சொல்லிவிடுவதில்தான் இருக்கிறது. இத்தனை போட்டிகளைப் பார்ப்போம், இந்தப் போட்டிக்கு இத்துணை மதிப்பு, காயமுற்றவர் இன்னவாறு மனுச் செய்யலாம் என்று போட்டிக்கு முன்னரே எழுதி வைத்துவிட்டால், தோற்றவர் வருந்தலாம். ஏமாற்றப்பட்டதாக எண்ண மாட்டார். 2018ஆம் ஆண்டுத் தேர்வுக்கு முன் அமெரிக்கச் சங்கம் போட்டிகளைத் தரம் பிரித்து, எதற்கு முதன்மை என்று எழுதி வெளியிட்டது. அதனால் கண்ணீர் நின்றுவிடவில்லை. அவ்வாண்டு ஆண்கள் பிரிவில் இரண்டாவதாக வந்த ராஸ் மைனருக்கு இடம் இல்லை. நான்காவதாக வந்த ஆடம் ரிப்பன் சென்றார். நல்ல விதி துன்பத்தை நீக்காது, ஐயத்தைக் குறைக்கும். அவ்வளவுதான் விதியால் ஆகும்.

இனி, அந்த இரு பெண்களும் என்ன ஆனார்கள் என்பதைக் கேளுங்கள். அணி அறிவிக்கப்பட்ட அதே நாள் மாலை பாஸ்டனில் ஒரு காட்சி ஆட்டம் இருந்தது. நகாசு வராமல் இருந்திருக்கலாம். யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். அவர் வந்தார், கண்ணீருடன் ஆடினார், அரங்கம் முழுவதும் எழுந்து நின்றது. பின்னர் அவர் வீட்டை விட்டுக் கொலராடோவுக்குச் சென்று புதிய பயிற்சியாளரிடம் சேர்ந்தார். அமெரிக்கப் பெண் எவரும் ஒலிம்பிக்கில் செய்யாத மூன்றரைச் சுற்றுத் தாவலைக் கற்றார். ட்ரிபிள் ஆக்சல் என்பது அதன் பெயர். 2018 பிப்ரவரியில் கொரியாவின் பியோங்சாங் ஒலிம்பிக்கில், அணிப் போட்டியில், அத்தாவலைச் செவ்வனே செய்து முடித்தார். அவருக்கு முன் உலகில் இரு பெண்களே ஒலிம்பிக்கில் அதைச் செய்திருந்தனர், இருவரும் ஜப்பானியர். அமெரிக்க அணி வெண்கலம் பெற்றது.

வாக்னரோ சோச்சியில் ஏழாம் இடம் பெற்றார். அணிப் போட்டியில் வெண்கலத்துக்குத் துணை நின்றார். 2016ஆம் ஆண்டு உலகப் போட்டியில் வெள்ளி வென்றார். எங்கே தெரியுமா? தாம் இரு முறை விழுந்த அதே பாஸ்டன் அரங்கில். 2017இல் ஹெல்சிங்கியில் கரேன் சென் நான்காவதாகவும் வாக்னர் ஏழாவதாகவும் வந்தனர். மீண்டும் பதினொன்று, மீண்டும் மூன்று இடம். ஆனால் 2018 தேசியப் போட்டியில் வாக்னர் மீண்டும் நான்காவதானார். இம்முறை குழு முதல் மூவரையே தேர்ந்தெடுத்தது. நகாசு சென்றார், இடத்தை ஈட்டித் தந்தவர்களில் ஒருவரான வாக்னர் வீட்டில் இருந்தார். அவர் தமக்கு அளிக்கப்பட்ட புள்ளிகளைக் குறித்துச் சினத்தை மறைக்கவும் இல்லை. இதற்கு முன் 2010இலும் இவ்வாறே: இரண்டாவதாக வந்த நகாசு வான்கூவர் சென்றார், மூன்றாவதாக வந்த வாக்னருக்கு இடம் இல்லை. மூன்று ஒலிம்பிக்குகள், ஒருவர் சென்றபோதெல்லாம் மற்றவர் நின்றார். இவர்களுள் எவரைத் தகுதியற்றவர் என்று நாம் கூற இயலும்?

மாணவச் செல்வங்களே, நாளை உங்களில் சிலர் தேர்ந்தெடுக்கப்படுவீர்கள். பலர் தேர்ந்தெடுக்கும் இடத்தில் அமர்வீர்கள். அணித்தலைவராக, ஆசிரியராக, அதிகாரியாக இருந்து பெயர்ப்பட்டியலில் ஒரு பெயரை எழுதி ஒரு பெயரை விடுவீர்கள். அப்போது எப்படித் தேர்வோம் என்பதை முதலில் சொல்லுங்கள், பின்னர்த் தேருங்கள். சொன்னதை இடையில் மாற்றாதீர்கள். விடுபட்டவர் வந்து காரணம் கேட்டால், முகம் திருப்பாமல் விடை கூறுங்கள். அந்த விடை உங்களிடம் இருக்குமாறு முன்னரே நடந்துகொள்ளுங்கள்.

என் பள்ளி மாணவனுக்கு நான் செய்த பிழை, காய்ச்சலுற்றவனை அனுப்பியது அன்று. "ஆண்டு முழுவதும் ஓடியதையும் பார்ப்பேன்" என்று முதல் நாளே கூறியிருந்தால் அது பிழையே ஆகாது. முதலில் வருபவன் செல்வான் என்று கூறிவிட்டு, வந்தபின் சொல்லை மாற்றினேன், அதுவே பிழை. அதனை அவனிடம் ஒப்புக்கொள்ள எனக்கு ஓராண்டு ஆயிற்று. அவன் பள்ளியை விட்டுச் செல்லும் நாளில் அழைத்துச் சொன்னேன். அவன் சற்று நேரம் நின்றான். "சரி, சார்" என்று மட்டும் கூறிச் சென்றான். மன்னித்தானா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் அதன் பின் நான் பணியாற்றிய பள்ளிகளிலெல்லாம், எந்தப் போட்டிக்கும் முன் தேர்வு விதியை எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டாமல் ஒரு நாளும் இருந்ததில்லை.