பல மரம் கண்ட தச்சன்

(சங்கத்தின் ஆண்டுவிழாவில் நிகழ்த்திய உரை)

 

"பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்" என்று ஒரு பழமொழி உண்டு. சங்கீதமும் வேண்டும், புகைப்படமும் வேண்டும், சினிமாவும் வேண்டும் என்று எங்களிற் சிலர் வீட்டிலே வாய் திறந்தால் உடனே எங்கள் தலையில் விழுவது இந்தப் பழமொழிதான். என் தலையிலும் விழுந்திருக்கிறது. அதுவும் பரீட்சைக்கு முந்திய வாரத்தில். மாமா சொன்னதில் நியாயமே இல்லையென்று வாதாட நான் வரவில்லை. கைத்தொலைபேசி ஒன்றிலேயே படம் பிடித்து, இசை சேர்த்து, வெட்டி ஒட்டி வெளியிடக்கூடிய இக்காலத்தில், மூன்றையும் தொட்டுவிட்டு மூன்றையும் கற்றுவிட்டதாக எண்ணுவது மிகச் சுலபம். ஆயினும் கண்ட மரங்களையெல்லாம் வெட்டியும் காட்டிய ஒரு தச்சரின் கதை எனக்குத் தெரியும். அதைச் சொல்லவே உங்கள் முன் நிற்கிறேன்.

அவர் பெயர் கோர்டன் பார்க்ஸ். 1912 ஆம் ஆண்டு அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்திலே, போர்ட் ஸ்கொட் என்னும் சிற்றூரில், ஏழைக் கறுப்பினக் குடும்பமொன்றின் 15 பிள்ளைகளிற் கடைக்குட்டியாகப் பிறந்தவர். இளவயதிலேயே தாயை இழந்து, செயின்ட் போல் நகரில் இருந்த தமக்கையிடம் அனுப்பப்பட்டார். அங்கே அத்தான் அவரை வீட்டைவிட்டுத் துரத்திவிட்டார். பள்ளிப்படிப்பும் முற்றுப்பெறவில்லை.

அந்நாளில் அவருக்குச் சோறு போட்டது பியானோ. முறையாக எவரிடமும் பயிலாது, காதாற் கேட்டு விரலாற் பழகிய வாசிப்பு. (இச்சபையிற் சொல்லத்தகாத விடுதிகளிலும் வாசித்தார், அதை அவர் மறைக்கவில்லை.) பின்னர் புகையிரத உணவுப் பெட்டியிற் பரிசாரகரானார். பயணி ஒருவர் விட்டுச்சென்ற சஞ்சிகையிலே, பிழைப்புத் தேடி ஊரூராக அலைந்த உழவரின் படங்களைக் கண்டார். அவை அவர் மனத்தை விட்டு அகலவில்லை. சியாட்டில் நகரின் அடகுக்கடை ஒன்றிற் பழைய வொய்க்லண்டர் கமரா ஒன்றை வாங்கினார். அப்போது வயது 25. வீட்டிலே மனைவி மக்கள்.

செயின்ட் போலில் ஓர் உடைக்கடைக்குச் சென்று, புதுமோஸ்தர் உடைகளைப் படம் எடுக்க வாய்ப்புக் கேட்டுப் பெற்றார். கழுவிப் பார்த்தால், ஒன்றைத் தவிர ஏனையவெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்து பாழாகிக் கிடந்தன. தப்பிய அந்த ஒன்றைப் பெரிதாக்கிக் கடைக்காரருக்குக் காட்டினார். அவர் அதைக் கண்டு மகிழ்ந்து, மற்றவற்றை மறுபடியும் எடுக்க இடங்கொடுத்தார். கலியாண வீடொன்றிற் பாதிப் படங்களை அழித்துவிட்டு வந்த எனக்கு இது பெரும் ஆறுதல். ஆனால் எனக்கு மறுபடி தாலி கட்டிக் காட்ட எவரும் உடன்படவில்லை.

1942 இல், கறுப்பினக் கலைஞருக்கு உதவிவந்த ரோசன்வால்ட் நிதியம் மாதம் 200 டொலர் கொடுத்து அவரை வாஷிங்டனுக்கு அனுப்பியது. அங்கே அரசாங்கத்தின் பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகத்தில், புகைப்படப் பகுதிக்குத் தலைவராயிருந்த ரோய் ஸ்திரைக்கர் முதலிற் செய்தது யாது தெரியுமா? கமராவை வாங்கி வைத்துக்கொண்டார். "நகரத்துக்குப் போ, சாப்பிடு, படம் பார், ஒரு கோட்டு வாங்கு" என்ற கருத்துப்பட ஏவி அனுப்பினார். உணவு கேட்ட இடத்திலும் படமாளிகையிலும் கறுப்பர் என்ற காரணத்தால் மறுத்தார்கள், துணிக்கடையிலே கவனிப்பாரில்லை. கொதித்துப்போய்த் திரும்பினார் பார்க்ஸ். வெறியரின் முகத்தைப் படம் பிடித்துவிட்டால் வெறி தெரிந்துவிடாது என்பதை ஸ்திரைக்கர் எடுத்துக்காட்டி, அக்கட்டடத்தைக் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்த பெண்மணியோடு பேசிப்பார்க்குமாறு சொன்னார்.

எல்லா வாட்சன் என்பது அவ்வம்மையாரின் பெயர். பார்க்ஸ் முதலில் அவர் வாழ்க்கைக் கதையைக் கேட்டார். பிறகே தேசியக் கொடியின் முன்னே, ஒரு கையில் விளக்குமாறும் பக்கத்தில் துடைப்பமுமாக அவரை நிறுத்திப் படம் எடுத்தார். இன்றும் உலகம் அறிந்த படம் அது. எனக்கோ அதற்குப் பின் நடந்ததே பெரிதாகத் தோன்றுகிறது. அந்த ஒரு படத்தோடு நின்றுவிடாமல், பல வாரங்கள் அவருடைய வீட்டுக்கும் கோவிலுக்கும் கூடவே சென்று, பேரப்பிள்ளைகளோடு இருந்த கோலங்களையும் எடுத்தார். தனிப்படத்தை விட்டுப் படங்களின் வரிசையாற் கதை சொல்ல அங்கேதான் பழகினார் என்பது என் எண்ணம். அது கைவந்தவனுக்குச் சினிமா அந்நியமன்று. 1948 இல் 'லைஃப்' சஞ்சிகையின் முதலாவது கறுப்பினப் புகைப்படக் கலைஞராகச் சேர்ந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் அத்தொழிலையே செய்தார். 1961 இல் பிரேசில் நாட்டுச் சேரிச் சிறுவன் பிளாவியோவைப் பற்றி அச்சஞ்சிகைக்குச் செய்த படக்கதையே 1964 இல் அவருடைய குறும்படமாயிற்று.

பியானோவை அவர் கைவிடவில்லை. இசைக்குறி எழுதக் கல்லாதவர், இலக்கங்களாலே தமக்கென்று ஒரு குறியீட்டு முறையை வகுத்துக்கொண்டு, ஹென்றி பிராண்ட் என்னும் இசையமைப்பாளரின் துணையோடு வாத்தியக் குழுவுக்கான பெரிய உருப்படி ஒன்றை ஆக்கினார். அது 1953 இல் வெனிஸ் நகரில் அரங்கேறியது. 1963 இல் தம் சிறுபராயத்தை நாவலாக எழுதினார். 1969 இல் அதுவே திரைப்படமாக வந்தபோது திரைக்கதை, இயக்கம், தயாரிப்பு, இசை நான்கும் அவருடையவை. ஹொலிவூட்டின் பெரிய நிறுவனமொன்றுக்குப் படம் இயக்கிய முதற் கறுப்பினத்தவர் அவரே. பிறந்த ஊராகிய போர்ட் ஸ்கொட்டுக்கே போய்ப் படம் பிடித்தார். 1971 இல் வந்த 'ஷாஃப்ட்' அமோகமாக ஓடியது. அதற்கு இசையமைத்தவர் ஐசாக் ஹேய்ஸ். பாடலுக்கு ஒஸ்கார் பரிசும் கிடைத்தது. தாமே இசையமைக்க வல்லவரின் படத்திலே இசை வேறொருவரிடம் இருந்ததால் எந்தக் குறையும் வந்துவிடவில்லை.

வயதைக் கணக்கிடுங்கள். பியானோ சிறுபராயத்தில், கமரா 25 இல், வெனிஸ் அரங்கேற்றம் 40 இல், முழுநீளப் படம் 56 இல். ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் இடையே எத்தனை வருடங்கள்! மாமாவுக்கு என்னிடமுள்ள பதில் இந்தக் கணக்குத்தான். அது எனக்கும் உவப்பான பதிலன்று. 56 வயதுவரை காத்திருக்க எனக்குப் பொறுமை உண்டா என்பது ஐயமே. மூன்று முறை மணந்தும் மூன்றும் நிலைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரியோர் பின்னர் கண்டுபிடித்து என்னைக் கேட்பதிலும் பார்க்க நானே சொல்வது நல்லது.

இனிப் பெரியோரிடம் ஒரு விண்ணப்பம். அந்த மாதம் 200 டொலர் இல்லாவிட்டால் பார்க்ஸ் வாஷிங்டனுக்குப் போயிருக்க மாட்டார். எல்லா வாட்சனைக் கண்டிருக்கவும் மாட்டார். எமது சங்கம் வருடந்தோறும் மருத்துவம், பொறியியல் படிக்கும் மாணவருக்கு உதவுகிறது, அது குறையவேண்டாம். அதனோடு ஒருவருக்கு, ஒரேயொரு வருடத்துக்கு, இசைக்கோ படத்துக்கோ ஒரு சிறு தொகையை ஒதுக்கிப் பாருங்கள். வருட முடிவிற் கணக்கையும் வேலையையும் இதே மேடையிற் காட்டவேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். விண்ணப்பிப்போரில் நானும் ஒருவன் என்பதை முன்கூட்டியே அறிவித்து அமர்கிறேன்.